எட்டு நிமிட அக்கரை

நாடகம் பத்தே முக்காலுக்கு முடியும்.
பத்து ஐம்பத்தைந்துக்கு முதல் படகு.
எல்பே நதிக்குக் குறுக்கே எட்டு நிமிடம்.
அதற்குள் ஒரு பாட்டைக்
கொன்று புதைத்து மறுபடி எழுப்பிவிடுவார்கள்
ஹாம்பர்க் ஜனங்கள்.

நான் கயிறு போடுகிறவள்.
வீப்கே ஹார்ம்சன் என்று மேல்சட்டையில் தைத்திருக்கிறது,
யாரும் வாசித்ததில்லை.
இரண்டு பருவமாக ஓடும் இசைநாடகத்தை நான் பார்த்ததும் இல்லை.
ஆனாலும் தெரியும்:
உப்புக் கிடங்கில் எடை போடுகிறவள் அல்முட்.
முதல் பாதியில் வணிகரின் கள்ளத் தராசைப் பிடித்து
"தட்டில் இன்னொரு கல் வை" என்று பாடுவாள்.
இரண்டாம் பாதியில் கள்ளத் தராசு அவளுடையது.
அதே மெட்டு, அதே சொல்.

இந்த 'அதே'யில்தான் சண்டை.

ப்ரேமனிலிருந்து வரும் பல் மருத்துவர்
டிக்கெட் விலை சொல்லாமல் பேச்சைத் தொடங்கமாட்டார்.
"மெட்டு தீர்ந்துபோச்சு அந்த ஆளுக்கு.
நூற்றிருபது யூரோவுக்கு ஒரே பாட்டை ரெண்டு தடவை விற்கிறான்."
ஈரக் கம்பியில் சாய்ந்த மாணவன்,
"ரெண்டாந்தடவை தாளம் பாதியாக் குறையுதே, கேக்கலையா?
முதல்ல அது குற்றச்சாட்டு. அப்புறம் வாக்குமூலம்."
அவன் காதலிக்கு
அழுகை எந்த இடத்தில் வந்தது என்றே நினைவில்லை.
ஏதோ ட்ரம்பெட் என்பாள், இல்லை, விளக்கு.
யாராவது ஒருவர் எப்போதும்
சுருதி ஏற்றியதைத் திட்டுவார்:
கடைசிச் சரணத்தில் அரைச் சுரம் தூக்கினால்
கைதட்டிவிடுவோம் என்று நினைப்பு.
தட்டினீர்களா?
தட்டினேன். அதனால்தான் கோபம்.

பிப்ரவரியில் ஓர் இரவு நதி முழுக்கப் பனிமூட்டம்.
நடு ஆற்றில் நிற்கச் சொல்லி வானொலியில் உத்தரவு.
எட்டு நிமிடம் நாற்பதாயிற்று.
தாளம் முடிந்து, உடை முடிந்து,
அல்முட்டின் மூக்கு வரை வந்துவிட்டார்கள்.
லூனபர்க்கில் பாடகர் குழு நடத்தும் கெசீனெ
(மற்றக் கையுறை தொலைந்திருந்தது அன்று)
தரையைக் காலால் தட்டினாள்.
"கீழே எஞ்சினைக் கேளுங்கள். விடாமல் ஒரே சுரம்."

கேட்டோம். பதினோரு வருடமாக என் உள்ளங்காலில் இருந்த சத்தம்
அன்றைக்குச் சட்ஜமாயிற்று.

அதன்மேல் பாடினாள், தொண்டையில் சளியோடு.
முதற்பாதி வரி நேராக வந்து
எஞ்சின் மடியில் உட்கார்ந்தது.
இரண்டாம்பாதி வரி அப்படி வரவில்லை.
கடைசியில் அந்த 'வை', ஓரெழுத்து,
ஒரு படி கீழே நிஷாதத்தில் நின்றுவிட்டது,
வாசல்வரை வந்தவர்
மணி அடிக்காமல் நிற்பதுபோல.

பல் மருத்துவர் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்து முடித்து, "இப்படிப் பாடினால் சரி.
மேடையில் இப்படியா பாடினாள்?" என்றார்.
மறுபடி சண்டை.

மார்ச்சில் கயிற்றை ஒக்கோவிடம் கொடுத்துவிட்டு
உள்ளே போனேன்.
படகுக் காலணியோடு, பதினேழாம் வரிசை, தூணின் பின்னால்.
கிடங்கு நான் கட்டிவைத்ததைவிடச் சின்னது.
அல்முட் உயரம்; மூக்கில் குறை ஒன்றும் இல்லை.
அந்தப் பெண் அழுதது
ட்ரம்பெட்டுக்கும் இல்லை, விளக்குக்கும் இல்லை.
வாத்தியமெல்லாம் ஓய்ந்தபின்
தராசுச் சங்கிலி ஆடி ஆடி அடங்குகிறது,
அதற்குத்தான். யாரும் சொல்லவில்லை எனக்கு.
பிறகு அந்த 'வை' வந்தது.
முன்வரிசையில் ஒருவர் இருமினார்.
நான் கேட்டது பாதிதான்.

திரும்புகையில் பயணியாக நின்றேன்.
ஒக்கோ கயிற்றை இரண்டு முறை தவறவிட்டான்.
பக்கத்தில் பச்சைத் தொப்பிக்காரர் தொடங்கினார்:
"ஒரே பாட்டை ரெண்டு தடவை..."

"இல்லைங்க" என்றேன்.

அதற்குள் இறங்குபலகை விழுந்துவிட்டது.
எல்லாரும் ரயிலுக்கு ஓடினார்கள்.
அவர் மட்டும் நின்றார்.
"இல்லைன்னா?"

படகு மறுபடி கிளம்ப
இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.